பாலியேட்டிவ் வார்டில் உங்கள் முதல் ஆய்வு

ஒவ்வொரு வருடமும் எம்.எஸ்சி. நர்சிங் மாணவிகள் ஆய்வுத் தலைப்போடு என்னிடம் வருவார்கள். பாலியேட்டிவ் கேரில், அதாவது கடும் நோயால் வரும் வலியையும் மற்றத் தொந்தரவுகளையும் குறைக்கும் நோய்த்தணிப்பு சிகிச்சையில், செய்யப்போகிறேன் என்பவர்களில் பாதிப் பேர் கையில் ஒரே தலைப்புதான் இருக்கும்: நோய்த்தணிப்பு சிகிச்சை பற்றிச் செவிலியருக்கு வகுப்பு எடுத்தால் அவர்களுடைய அறிவு கூடுகிறதா? முதல் நாள் ஒரு கேள்வித்தாள், நடுவில் ஒரு மணி நேர வகுப்பு, ஏழாம் நாள் அதே கேள்வித்தாள். மதிப்பெண் கூடியிருக்கும். கூடாமல் எப்படி இருக்கும்? ஆனால் அந்த ஏழு நாளில் வார்டில் படுத்திருப்பவரின் வலி கொஞ்சமாவது குறைந்ததா என்று யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். வகுப்பில் உட்கார்ந்திருந்த சிஸ்டர் இரவுப் பணி முடிந்து எந்த மனநிலையில் பஸ் ஏறினார் என்பதும் எந்த ஏட்டிலும் இருக்காது.

அந்த இரண்டையும் பார்க்க விரும்புகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நீங்கள் மாணவியாக இருக்கலாம், பாலியேட்டிவ் வார்டில் புதிதாகச் சேர்ந்த ஸ்டாஃப் நர்ஸாக இருக்கலாம், வீடு வீடாகப் போகும் குழுவில் இருக்கலாம். நோயாளியின் நலம், செவிலியரின் நலம் என்று இரண்டு அலமாரிகளில் பிரித்து வைத்துப் படிப்பதுதான் இந்தத் துறையில் நாம் செய்யும் பெரிய தவறு என்பது என் எண்ணம். ஒன்றை அளக்கப் போகும்போது இன்னொன்றும் கண்ணில் பட வேண்டும்.

முதல் இரண்டு வாரம்: பேப்பர் இல்லாமல் போங்கள்

கேள்வித்தாள் எதுவும் கையில் வேண்டாம். வார்டில் உட்காருங்கள், டிரெஸ்ஸிங் நடக்கும்போது கூட நில்லுங்கள், முடிந்தால் வீட்டுப் பார்வைக்கு வண்டியில் ஏறிக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வலி நிவாரண, ஆதரவு சிகிச்சையும் வீட்டுக்கே போகிறது. பக்கத்தில் கேரளத்தில் 1993இல் கோழிக்கோட்டில் தொடங்கிய வலி நிவாரண அமைப்பிலிருந்து ஊர்க்காரர்களே நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் முறை வளர்ந்து, 2008இல் மாநில அரசு இதற்கென்றே தனிக் கொள்கை கொண்டுவந்தது. வீட்டில் பார்க்கும் நோயாளியும் வார்டில் பார்க்கும் நோயாளியும் ஒரே ஆளாக இருந்தாலும் வேறு ஆள் போலத்தான் இருப்பார். வார்டில் "வலி இல்லை சிஸ்டர்" என்பவர், வீட்டில் திண்ணையை விட்டு எழ முடியாமல் இருப்பது கண்ணில் படும்.

இந்த இரண்டு வாரத்தில் ஒரு தவறான எண்ணம் கழன்றுபோக வேண்டும். பாலியேட்டிவ் கேர் என்றால் கடைசி நாட்களில் கையைப் பிடித்துக்கொண்டு உட்காருவது என்று நம்மவர்களில் பலர், மருத்துவர்கள் உட்பட, நினைக்கிறார்கள். 2010இல் ஜெனிஃபர் டெமல் குழுவினர் பாஸ்டனில் செய்த ஆய்வை எடுத்துக்கொள்ளுங்கள். பரவிவிட்ட நுரையீரல் புற்றுநோய் இருந்த 151 பேரை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு வழக்கமான புற்றுநோய் சிகிச்சை. இன்னொரு குழுவுக்கு அதோடு சேர்த்து, நோய் தெரிந்த உடனேயே பாலியேட்டிவ் கேர். இரண்டாவது குழுவில் வாழ்க்கைத் தரம் நன்றாக இருந்தது. மனச்சோர்வு அறிகுறிகள் 16 சதவீதம் பேருக்கு, மற்றக் குழுவில் 38 சதவீதம் பேருக்கு. கடைசிக் காலத்தில் கடுமையான சிகிச்சைகள் குறைவாகவே நடந்தன. அப்படியிருந்தும் அவர்கள் வாழ்ந்த காலத்தின் இடைநிலை 11.6 மாதம், மற்றவர்களுக்கு 8.9 மாதம். சீக்கிரமே தொடங்க வேண்டிய சிகிச்சை இது என்று மற்ற மருத்துவர்களிடம் பேச வேண்டி வந்தால் இந்த எண்கள் உங்களுக்கு உதவும்.

வலியை உடம்போடு நிறுத்திவிடாமல் பார்க்கச் சொல்லிக்கொடுத்தவர் சிசிலி சாண்டர்ஸ். செவிலியராகத் தொடங்கி, முதுகுவலியால் அந்த வேலையைத் தொடர முடியாமல் சமூகப் பணிக்கு மாறி, பிறகு மருத்துவம் படித்து, 1967இல் லண்டனில் செயின்ட் கிறிஸ்டோஃபர் ஹாஸ்பிஸை, அதாவது இறுதிக்கால நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் இல்லத்தை, திறந்தவர். உடல், மனம், குடும்பம், பணம், இறைநம்பிக்கை எல்லாம் கலந்து நிற்கும் வேதனையை அவர் முழு வலி என்றார். மகள் கல்யாணக் கடன் நினைவில் தூக்கம் வராதவருக்கு மார்ஃபின் அளவை மட்டும் ஏற்றிக்கொண்டே போனால் என்ன ஆகும் என்பதை அந்த இரண்டு வாரத்தில் நீங்களே பார்த்துவிடுவீர்கள்.

கேள்வியைச் சிறியதாக்குங்கள்

இரண்டு வாரம் முடிந்ததும் உங்களை உறுத்திய பத்து விஷயங்களை எழுதுங்கள். அதில் எண்ணிப் பார்க்கக்கூடியதாக, உங்கள் வார்டிலேயே மாற்றக்கூடியதாக உள்ள ஒன்றை எடுங்கள்.

எனக்குப் பிடித்த உதாரணம் ஒன்று உண்டு. மார்ஃபின் தொடங்கினால் குமட்டல் பெரும்பாலும் சில நாளில் அடங்கிவிடும். மலச்சிக்கல் அடங்காது, மருந்து இருக்கும்வரை அதுவும் இருக்கும். அதனால் மார்ஃபின் எழுதும் அதே சீட்டில் மலமிளக்கியும் எழுதியிருக்க வேண்டும். சரி, உங்கள் வார்டில் கடந்த மூன்று மாதத்தில் மார்ஃபின் வாங்கியவர்களில் எத்தனை பேர் சீட்டில் மலமிளக்கி இருக்கிறது? அவர்கள் கடைசியாக எப்போது வெளிக்குப் போனார்கள் என்று எத்தனை கேஸ் ஷீட்டில் எழுதியிருக்கிறது? இதற்குப் பெரிய பணம் வேண்டாம். பொறுமையும் அனுமதியும் போதும். கிடைக்கும் பதில் அடுத்த வாரமே ஒருவரின் வயிற்று உப்புசத்தைக் குறைக்கும்.

மார்ஃபின் பற்றிய எந்தக் கேள்விக்கும் பின்னால் ஒரு சட்ட வரலாறு உண்டு. 1985ஆம் வருடத்துப் போதைப்பொருள் சட்டம் கள்ளக்கடத்தலைத் தடுக்க வந்தது. அதன் கெடுபிடியில் மருத்துவமனைகள் மார்ஃபின் வைத்திருக்கவே அஞ்சின. 2014இல் சட்டத்தைத் திருத்தி, மருத்துவத்துக்குத் தேவையான போதை மருந்துகளுக்கு நாடு முழுக்க ஒரே உரிம முறையைக் கொண்டுவந்தார்கள். சட்டம் இளகினாலும் பயம் இன்னும் கைகளில் இருக்கிறது. நோயாளி வலி என்று சொன்ன நேரத்துக்கும் மாத்திரை கையில் வந்த நேரத்துக்கும் நடுவே எத்தனை நிமிடம்? மார்ஃபின் வைத்துப் பூட்டிய அலமாரியின் சாவி யாரிடம் இருந்தது? இரவில் எத்தனை நிமிடம், பகலில் எத்தனை நிமிடம்? இந்தக் கேள்வியை எடுத்தால் நோயாளியின் தவிப்பும், சாவிக்காக மாடி ஏறி இறங்கும் சிஸ்டரின் தவிப்பும் ஒரே தாளில் வந்துவிடும்.

படிக்க வேண்டியவை

ஐம்பது கட்டுரையைச் சேர்த்து வைப்பதைவிட ஐந்தை முழுதாகப் படிப்பது நல்லது. இந்திய நோய்த்தணிப்பு சிகிச்சைச் சங்கத்தின் ஆய்விதழிலிருந்து தொடங்குங்கள். நம் நோயாளிகள், நம் குடும்பங்கள், நம் மருந்துத் தட்டுப்பாடுகள் அதில்தான் இருக்கும்.

தோல்வியில் முடிந்த ஆய்வு ஒன்றையும் படியுங்கள். 1995இல் வெளிவந்த சப்போர்ட் ஆய்வு அமெரிக்காவின் ஐந்து மருத்துவமனைகளில் கடுமையாக நோயுற்ற 9,105 பேரைப் பின்தொடர்ந்தது. அதன் இரண்டாம் கட்டத்தில் பயிற்சி பெற்ற செவிலியர்களை நியமித்தார்கள். நோயாளி என்ன விரும்புகிறார், வலி எப்படி இருக்கிறது என்று கேட்டு மருத்துவரிடம் சேர்ப்பது அவர்கள் வேலை. முடிவில் எதுவும் மாறவில்லை. வலியும் குறையவில்லை, தீவிர சிகிச்சைப் பிரிவில் கழிந்த நாட்களும் குறையவில்லை. நான் இதை மாணவிகளுக்குக் கட்டாயம் கொடுப்பேன். முடிவெடுக்கும் முறை அப்படியே இருக்க, ஒரு நல்ல செவிலியரைக் கொண்டுவந்து நடுவில் நிறுத்தி "நீ சரிசெய்" என்றால் நடக்காது. அந்தச் செவிலியர்கள் என்ன பாடுபட்டிருப்பார்கள் என்றும் எனக்குத் தோன்றிக்கொண்டே இருக்கும்.

செவிலியர் பக்கத்துக்கு மேரி வாச்சன் எழுதியவை. கனடாவில் பல வருடம் இந்தத் துறை ஊழியர்களின் மன அழுத்தத்தை ஆராய்ந்தவர், அவரும் செவிலியர்தான். 1995இல் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார். ஹாஸ்பிஸ் ஊழியர்கள் மற்றப் பிரிவினரைவிட அதிகமாக நொந்துபோகவில்லை என்பது தெரிந்தது. அவர்களை அரித்தது மரணத்தைவிட வேலைச் சூழல்: குழுவுக்குள் பிணக்கு, தெளிவில்லாத பொறுப்பு, நிர்வாகத்தோடு ஓயாத இழுபறி. "பாவம், தினமும் சாவைப் பார்க்கிறார்கள்" என்று வெளியிலிருந்து சொல்பவர்களுக்கு இது வியப்பாக இருக்கும். வார்டில் இருப்பவர்களுக்கு இருக்காது.

அளவுகோலும் தமிழும்

இங்கேதான் நிறைய நேரம் செலவழிக்கச் சொல்வேன். இந்தத் துறையில் அதிகம் பயன்படுவது எட்மண்டன் அறிகுறி அளவுகோல். 1991இல் கனடாவில் எடுவார்டோ புருவேரா குழு உருவாக்கியது. வலி, அசதி, தூக்கக் கலக்கம், குமட்டல், பசியின்மை, மூச்சுத் திணறல், மனச்சோர்வு, பதற்றம், பொதுவான நலம் என ஒன்பது. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 10 வரை: 0 என்றால் தொந்தரவே இல்லை, 10 என்றால் மிக மோசம். பார்க்க எளிது. தமிழில் கேட்டுப் பாருங்கள், சிக்கல் தெரியும்.

"அசதி" வேறு, "தூக்கக் கலக்கம்" வேறு என்று நமக்குத் தெரியும். நோயாளி இரண்டுக்கும் "ஒரே கிறக்கமா இருக்கு" என்பார். மார்ஃபின் அளவு கூடிப்போனதால் வரும் கிறக்கமா, ரத்தசோகையால் வரும் அசதியா என்பதைப் பிரித்துக் கேட்காவிட்டால் மருந்து மாற்றமே தவறாகிவிடும். "கண்ணு தானா சொக்குதா, இல்ல முழிச்சிருக்கீங்க ஆனா உடம்பில் தெம்பில்லையா?" என்று கேட்டால் பிரிந்துவிடும். "மனச்சோர்வு" என்ற சொல்லை நம் பாட்டிகள் யாரும் பேசுவதில்லை. "மனசு பாரமா இருக்கா?" என்றால் கண் கலங்கிப் பதில் வரும். "பொதுவான நலம்" என்று கேட்டால் "உங்க புண்ணியத்துல நல்லா இருக்கேன்" என்பதுதான் மரியாதையான பதில், அதை 0 என்று குறித்துக்கொண்டு நகர்ந்துவிடாதீர்கள்.

எண்களும் எல்லோருக்கும் வசப்படாது. பத்துக்கு எத்தனை என்று கேட்டால் விழிப்பவரிடம், "ரூபாய்க்கு எத்தனை பைசா வலி?" என்று கேட்டுப் பாருங்கள். கை விரல்களை மடக்கிக் காட்டச் சொல்லலாம். முகப் படங்கள் உதவும். எந்த முறை என்றாலும் ஒரு நோயாளிக்கு முதல் நாள் பயன்படுத்தியதையே கடைசி நாள் வரை பயன்படுத்துங்கள், எந்த முறை என்று தாளில் எழுதியும் வையுங்கள்.

வலிக்கு மட்டும் தமிழில் பஞ்சமே இல்லை. குத்துது, குடையுது, இழுக்குது, கடுக்குது, விண்விண்ணுனு தெறிக்குது, எரியுது, ஊசி போடுற மாதிரி இருக்கு, கரண்டு அடிக்கிற மாதிரி இருக்கு. கடைசி மூன்றும் நரம்பு வலியைக் காட்டும் சொற்கள், அதற்கு மருந்தே வேறு. அதனால் நோயாளி சொன்ன சொல்லை அப்படியே எழுத ஒரு காலியிடம் விடுங்கள். என் அனுபவத்தில் அந்தக் காலியிடம் எண்களைவிட அதிகம் சொல்லியிருக்கிறது.

அளவுகோலை மொழிபெயர்க்க வேண்டியிருந்தால் முறைப்படி செய்யுங்கள்: ஒருவர் தமிழுக்குக் கொண்டுவர, மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் திரும்ப ஆங்கிலத்துக்குக் கொண்டுபோக, இரண்டையும் ஒப்பிட்டு, பிறகு ஐந்தாறு நோயாளிகளிடம் படித்துக் காட்டி என்ன புரிந்தது என்று கேட்பது. கடைசிப் படியைத் தவிர்ப்பவர்கள்தான் அதிகம், அதைத்தான் தவிர்க்கக் கூடாது. ஏற்கெனவே சரிபார்த்த தமிழ் வடிவம் கிடைத்தால் அதையே வாங்கிப் பயன்படுத்துங்கள்.

செவிலியரின் நலத்தை அளக்க இரண்டு கருவிகள் பரவலாக உண்டு. 1981இல் வந்த மாஸ்லாக் அளவுகோலில் 22 கேள்விகள்: மனம் வற்றிப்போவது, நோயாளியைப் பொருளாகப் பார்க்கத் தொடங்குவது, வேலையில் நிறைவு. இதற்குக் காசு கட்டி உரிமம் வாங்க வேண்டும். இன்னொன்று புரோக்வால் (ProQOL) என்ற பணி வாழ்க்கைத் தர அளவுகோல், 30 கேள்விகள். மூலத்தைக் குறிப்பிட்டு, மாற்றாமல் இலவசமாகப் பயன்படுத்தலாம். நான் இரண்டாவதையே சொல்வேன், காசுக்காக மட்டும் இல்லை. அதில் பரிவால் வரும் நிறைவையும் அளக்கிறார்கள். என்ன உடைக்கிறது என்பதோடு, எது இவர்களைத் தாங்கி நிறுத்துகிறது என்றும் கேட்க வேண்டுமல்லவா?

சம்மதம் வாங்குவது

நிறுவன நெறிமுறைக் குழுவின் அனுமதி இல்லாமல் ஒரு நோயாளியிடமும் பேசத் தொடங்காதீர்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017இல் வெளியிட்ட நெறிமுறைகளை ஒரு முறை முழுதாகப் படித்துவிட்டு விண்ணப்பம் எழுதுங்கள்.

புத்தகத்தில் இல்லாத சிக்கல் வார்டு வாசலில் காத்திருக்கும். மகன் உங்களைத் தனியாக அழைத்து, "அப்பாவுக்கு கேன்சர்னு தெரியாதும்மா, சொல்லிடாதீங்க" என்பார். உங்கள் கையில் இருக்கும் படிவத்தின் முதல் வரியிலேயே புற்றுநோய் என்று அச்சடித்திருக்கும். ஒரு மாணவியின் படிவத்தில் "இறுதிக்கட்ட நோயாளிகள்" என்றே இருந்தது. அதை ஓர் அய்யா எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, பிறகு நாள் முழுக்கப் பேசவில்லை. அந்தப் படிவத்தை நானும் பார்த்துத்தான் அனுப்பியிருந்தேன். அதிலிருந்து தலைப்பில் "நீண்டநாள் நோயால் சிரமப்படுபவர்களின் வலியும் மற்றத் தொந்தரவுகளும்" என்பதுபோல் உண்மையாகவும் இதமாகவும் எழுதச் சொல்கிறேன். பொய் சொல்லவே கூடாது. முதலில் "உங்க உடம்புக்கு என்னன்னு சொல்லியிருக்காங்க அய்யா?" என்று கேளுங்கள். அவருக்கு எவ்வளவு தெரியும், எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்பது அந்தப் பதிலிலேயே இருக்கும். பல அப்பாக்களுக்குத் தெரிந்தே இருக்கும். மகன் தாங்கமாட்டான் என்று அவர்கள் மறைத்துக்கொண்டிருப்பார்கள்.

இன்னொன்று. உங்களிடமிருந்து இலவசமாக மாத்திரை வாங்குபவர் உங்கள் முகத்துக்கு நேரே மாட்டேன் என்று சொல்வாரா? அதனால் மருந்து கொடுக்கும் சிஸ்டரே சம்மதம் வாங்கக் கூடாது. வேறொருவர் கேட்கட்டும். சேராவிட்டாலும் மாத்திரை நிற்காது என்பதை வாயால் சொல்லட்டும், பேப்பரில் இருந்தால் மட்டும் போதாது.

படுக்கை அருகில்

மாத்திரை கொடுத்து ஒரு மணி நேரம் கழித்துப் போங்கள், வலி ஓரளவு அடங்கியிருக்கும். உட்கார்ந்து பேசுங்கள். இருபது நிமிடத்துக்கு மேல் வேண்டாம். துணைக்கு இருப்பவர் பதில் சொன்னால் தடுக்காதீர்கள், ஆனால் யார் சொன்ன பதில் என்று குறித்துக்கொள்ளுங்கள். குடும்பத்தார் வலியைக் கூட்டிச் சொல்வதும் உண்டு, மனக் கவலையைக் குறைத்துச் சொல்வதும் உண்டு. 8, 9 என்று வலி சொன்னால் கேள்விகளை மூடிவிட்டு மருத்துவரைக் கூப்பிடுங்கள். இதை நெறிமுறைக் குழுவுக்குக் கொடுக்கும் திட்டத்திலேயே எழுதியிருக்க வேண்டும்.

ஆய்வுக்கு எடுத்தவர்கள் எல்லோரும் கடைசி வரை இருக்க மாட்டார்கள். டெமல் ஆய்விலேயே 12 வாரத்துக்குள் 27 பேர் இறந்தார்கள், மற்றவர்களில் 107 பேர்தான் மதிப்பீட்டை முடித்தார்கள். அத்தனை வசதி இருந்த இடத்திலேயே அப்படி என்றால் நீங்கள் ஆறு மாதப் பின்தொடர்தல் திட்டமிடக் கூடாது. ஒரு வாரம், மிஞ்சினால் இரண்டு. விட்டுப்போனவர்களின் எண்ணிக்கையையும் காரணத்தையும் மறைக்காமல் எழுதுங்கள், அதுவும் ஒரு முடிவுதான்.

சிஸ்டர்களிடம் கேட்கும்போது

ஆறு பேர் வேலை செய்யும் வார்டில் வயது, அனுபவம், மணமானவரா என்று கேட்டுவிட்டுப் "பெயர் எழுத வேண்டாம்" என்பதில் பொருளில்லை. 47 வயது, 20 வருட அனுபவம் என்றாலே யார் என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். அந்த விவரங்களைக் குறையுங்கள், அல்லது மூன்று நான்கு மருத்துவமனைகளைச் சேருங்கள். படிவத்தை நர்சிங் சூப்பரின்டென்டென்ட் மூலமாகக் கொடுக்காதீர்கள். பூட்டிய பெட்டி ஒன்று வையுங்கள். பணி முடிந்து வீட்டுக்குக் கிளம்பும் நேரத்தில் வழிமறிக்காதீர்கள். அவர் பஸ்ஸைத் தவறவிட்டால் உங்கள் ஆய்வே அவருடைய சுமையில் ஒன்றாகிவிடும்.

அளவுகோலோடு ஒன்றிரண்டு திறந்த கேள்விகளும் இருக்கட்டும். ஒரு நோயாளி இறந்த பிறகு அடுத்த அரை மணி நேரத்தில் நீங்கள் என்ன செய்தீர்கள்? பெரும்பாலும் வரும் பதில்: "பாடியை ஒப்படைத்துவிட்டு, பெட் ரெடி பண்ணினோம், அடுத்த அட்மிஷன் வந்துவிட்டது." வர்ஜீனியா பல்கலைக்கழக மருத்துவமனைச் செவிலியர் ஜோனதன் பார்ட்டெல்ஸ், ஓர் உயிர் பிரிந்ததும் அங்கிருக்கும் எல்லோரும் ஒரு நிமிட அளவுக்கு அமைதியாக நிற்கும் பழக்கத்தைத் தொடங்கினார். பிறகு அது பல இடங்களுக்குப் பரவியது. நம் வார்டில் அது ஒத்துவருமா, உறவினர்கள் கதறி அழும் நேரத்தில் எங்கே நிற்பது, நின்றால் சிஸ்டர்களுக்கு என்ன தோன்றுகிறது என்பதெல்லாம் அருமையான ஆய்வுக் கேள்விகள்.

நீங்களும் இதில் ஒருவர். ஒலிப்பதிவைக் கேட்டு எழுத்தில் கொண்டுவரும்போது, இறந்துபோனவரின் குரல் திரும்பத் திரும்பக் காதில் விழும். இரவில் தனியாக அதைச் செய்யாதீர்கள். ஒரு நாளைக்கு ஒரு பேட்டி போதும். வாரம் ஒரு முறை வழிகாட்டியோடு உட்காருங்கள், முதல் பத்து நிமிடம் ஆய்வைப் பற்றிப் பேச வேண்டாம். அழுகை வந்தால் அழுங்கள், நான் அழுதிருக்கிறேன்.

கணக்குப் போடும்போது

புள்ளியியல் ஆசிரியர் உதவுவார், அதில் நான் நீட்டப்போவதில்லை. இரண்டு எச்சரிக்கை மட்டும். எட்மண்டன் அளவுகோலில் ஒரு புள்ளியாவது மாறினால்தான் நோயாளிக்கு வித்தியாசம் தெரிகிறது என்று கண்டிருக்கிறார்கள். அதனால் சராசரி 0.3 குறைந்ததைப் பெரிய வெற்றி என்று எழுதாதீர்கள், புள்ளியியல்படி முக்கியம் என்று கணினி எத்தனை நட்சத்திரம் போட்டுக் காட்டினாலும். அடுத்தது, வார்டில் இன்று இருக்கும் செவிலியர்களிடம் மட்டும் கேட்டுவிட்டு "இங்கே மனச்சோர்வு குறைவு" என்று முடிக்காதீர்கள். தாங்க முடியாதவர்கள் போன வருடமே இடமாற்றம் வாங்கிப் போயிருப்பார்கள். அவர்களில் இரண்டு பேரையாவது தேடிப்பிடித்துப் பேசுங்கள்.

முடிவை வார்டுக்குக் கொண்டுபோங்கள்

ஆய்வேடு நூலகத்துக்குப் போகும் முன் ஒரே ஒரு பக்கம் தமிழில் எழுதி, ட்யூட்டி மாறும் நேரத்தில் சிஸ்டர்களிடம் பத்து நிமிடம் படித்துக் காட்டுங்கள். யாரையும் குறை சொல்லும் தொனி வேண்டாம். எண்ணைச் சொல்லுங்கள், எது தடுக்கிறது என்று அவர்களிடமே கேளுங்கள். மலமிளக்கி ஆய்வு செய்த மாணவி ஒருத்தி அப்படிப் படித்துக் காட்டியபோது, மூத்த சிஸ்டர் ஒருவர் எழுந்து, "எழுதச் சொல்றீங்க, சரி. எழுத சார்ட்ல இடம் எங்கம்மா இருக்கு?" என்றார். மறுநாள் அவரே ஸ்கேலும் பேனாவும் எடுத்து, எல்லா சார்ட்டிலும் வலிக் கட்டத்துக்குப் பக்கத்தில் "மோஷன்" என்று ஒரு கட்டம் போட்டார். அடுத்த முறை அச்சடித்து வந்த சார்ட்டில் அந்தக் கட்டம் இருந்தது.